பக்கத்துக்கு எட்டுக் காசு

கோலக்கெட்டில் பெரிய சாலையில்
இரும்புக்கடைக்கும் நம்பர் கடைக்கும் நடுவே என் மிஷின்.
செம்பனை லோரி போகும்போதெல்லாம்
கண்ணாடிமேல் எழுத்து ஒருமுறை நடுங்கும்.
பெரும்பாலும் ஐ.சி. முன்பக்கம் பின்பக்கம்,
இறப்புப் பத்திரம், இ.பி.எப். பாரம்,
காணாமல் போன பூனைக்கு ஒருமுறை இருபது தாள்.

யோகமலர் மட்டும்தான் புத்தகம் கொண்டு வருவாள்.
அப்பா ஆலை எடைப்பாலத்தில்; அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறாள்;
இவள் கோலாலம்பூரில் சட்டம்.
நூலகப் புத்தகத்துக்கு ஏழு நாள் தவணை,
பஸ்ஸில் ஒரு நாள் வர, ஒரு நாள் போக,
மிச்சம் ஐந்து நாளும் என் விளக்கடியில்.

முதல் வருஷம் ஒப்பந்தம்.
மூடியைத் தூக்கித் தாழ்த்தும் இடைவெளியில் நானும் வாசிப்பேன்.
ஒருவன் கேட்க வேண்டும், இன்னொருவன் சரி என்க வேண்டும்,
பதிலுக்கு ஏதாவது கைமாற வேண்டும்.
"ஒரு மிளகு போதும்ணே, சட்டத்துல அதுக்கும் மதிப்பு."
அன்றைக்குக் கூலி வாங்கவில்லை.
மறுநாள் தாளில் மடித்து ஒரே ஒரு மிளகு வைத்துவிட்டுப் போனாள்.
கல்லாவில் இன்னும் கிடக்கிறது.

அப்புறம் தீங்கியல்.
யாரோ குடித்த போத்தலில் நத்தை.
என் அண்டைவீட்டான் யார் என்று ஒரு நீதிபதி கேட்டிருந்தார்.
ஆலைப் புகை ஞாபகம் வந்தது,
பக்கம் கறுப்பாக விழுந்துவிட்டது.

நிலச்சட்டம் அறுநூற்றுச் சொச்சம்.
மிஷின் இரண்டு தரம் சூடேறி நின்றது.
பதிவேட்டில் பெயர் இருந்தால் நிலம்,
இல்லாவிட்டால் நாற்பது வருஷமும் வெறும் இருப்பு.
அந்தப் பக்கத்தை இரண்டு எடுத்தேன், ஒன்று எனக்கு.

மூன்றாம் வருஷம் நீட்டிய புத்தகத்தைப் பார்த்து
அவளே சிரித்துவிட்டாள்: பதிப்புரிமை.
"இதப் படிச்சு முடிச்சா நம்ம ரெண்டு பேர் மேலயும்
நானே கேஸ் போடணும்ணே."
பரீட்சை எப்போது என்று கேட்டேன்.
அடுத்த வெள்ளிக்கிழமை.
அட்டையை மட்டும் நகலெடுக்கவில்லை.

சாட்சியச் சட்டத்தில்தான் நான் என்னைப் பார்த்தேன்.
மூலம், முதல்நிலைச் சான்று. நகல், இரண்டாம் நிலை.
இருபத்தோரு வருஷமாகச் செய்து குவித்தது
அத்தனையும் இரண்டாம் நிலையா?
பதில் சொல்லாமல் தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்தாள்.

போன நவம்பரில் ஆறு ஏறி லயத்துக்குள் வந்தது.
மருந்தடிக்கிற சந்தனமாயியின் பெட்டியில்
வீடு உனக்கே என்று பழைய மேனேஜர் கொடுத்த கடிதம்
கூழாகிவிட்டது.
தோட்டம் இப்போது வேறு கம்பெனி கையில்.
நேரே என் கடைக்கு வந்து நின்றாள்.
"அன்னிக்கு ஒண்ணு கோணலா எடுத்துட்டு
வேற எடுத்துக் கொடுத்தியே,
அந்தக் கோணல் எங்க?"

கோணலை நான் எறிவதில்லை,
பின்பக்கம் கடன் கணக்கு எழுதுவேன்.
மூன்று சாக்கைக் கொட்டித் தேடினோம்,
யோகமலர் சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு.
சாயங்காலம் கிடைத்தது.
தேதி பாதி, ஒரு மூலை இல்லை,
கையெழுத்தின் வால் கண்ணாடிக்கு வெளியே போயிருந்தது.
பின்னால்: ஒட்டுக்கடை பாலையா, பன்னிரண்டு வெள்ளி, தரவில்லை.

மூலம் அழிந்ததென்று காட்டினால் நகலைப் பார்ப்பார்களாம்.
ஆனால் எடுத்தவன் கூண்டேறிச் சொல்ல வேண்டும்,
அதைப் பார்த்து எடுத்ததுதான் இது என்று.
இலவச வக்கீல் ஒருவர் கிடைத்திருக்கிறார்.
பிப்ரவரி பதினெட்டு, சுங்கைப்பட்டாணி.
வெள்ளைச் சட்டை இருக்கிறது,
பொத்தான் ஒன்று தைக்க வேண்டும்.

"எதிர்த்தரப்பு வக்கீல்
வேற என்னென்ன நகலெடுப்பேன்னு கேட்டா?"

யோகமலர் நகத்தைக் கடித்தாள்.
"உண்மையச் சொல்லுங்க" என்றாள்.
பிறகு, பையில் புத்தகத்தைத் திணித்துக்கொண்டே,
"ஆட்சேபணை சொல்றது
எங்களுக்கு அடுத்த செமஸ்டர்தான்ணே."